மேட்டுத் தெரு குழு: பால் வீட்டு மாட்டுக்கு என்ன ஆயிற்று?

குழு: மேட்டுத் தெரு சொந்தங்கள், காட்பாடி

செவ்வாய், காலை 6.12

சாந்தி அக்கா: இன்றைக்குப் பால் வரவில்லையே. கார்த்தி, மாட்டுக்கு இன்னும் சரியாகவில்லையா?

கார்த்தி (பால் வீடு): இல்லை அக்கா. சிவப்பி நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறது. தண்ணீரில் வாய் வைக்கிறது, ஆனால் விழுங்க முடியவில்லை. தொண்டையில் மாங்கொட்டை மாட்டியிருக்கும் என்று நைனா ராத்திரி கையை விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

நாராயணன் மாமா: கோமாரியாக இருக்கும். வாயில் புண் இருக்கிறதா பார்.

கார்த்தி: புண் இல்லை மாமா. குரல்தான் மாறிப்போயிற்று. விடிய விடியக் கட்டைக் குரலில் கத்துகிறது. வீடியோ போடுகிறேன்.

டாக்டர் ஐயா (கால்நடை): கார்த்தி, இனி யாரும் அதன் வாய்ப்பக்கம் போகாதீர்கள். சமீபத்தில் நாய் ஏதாவது அதைக் கடித்ததா?

கார்த்தி: ஆமாம் ஐயா. ஆடியில், பாலாற்றுப் பக்கம் மேயும்போது ஒரு செவலை நாய் மூக்கைக் கவ்வியது. சின்னக் காயம்தான். மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது.

டாக்டர் ஐயா: வீடியோ பார்த்தேன். எனக்கு வெறிநோய் மாதிரிதான் தெரிகிறது. மூளையைப் பரிசோதித்தால்தான் உறுதி, ஆனால் அதுவரை அதுதான் என்று வைத்துக்கொண்டு நடப்போம். வெறி பிடித்த மாடு எல்லோரையும் முட்டித் தள்ளும் என்று நினைக்கிறோம். நிறைய மாடுகளுக்கு அப்படி வராது. தொண்டைத் தசை செயலிழந்துவிடும். விழுங்க முடியாது, எச்சில் வழியும், குரல் கரகரக்கும். பார்த்தால் தொண்டை அடைப்பு போலவே இருக்கும். வளர்த்தவர் பரிதாபப்பட்டுக் கையை விடுவார். கிருமி இருப்பதே அந்த எச்சிலில்தான். அப்பா கையில் காயம் உண்டா?

கார்த்தி: புல் அறுக்கிற கை ஐயா, வெடிப்பு இல்லாமல் இருக்குமா? மாட்டுப் பல்லும் கொஞ்சம் கீறியிருக்கிறது.

செல்வி (நர்ஸ்): கார்த்தி, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல். ராத்திரி நடந்ததுதானே என்று விடாதே. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம், கட்டும் வேண்டாம். அப்புறம் நேராக அடுக்கம்பாறை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. வெடிப்பில் எச்சில் பட்டிருந்தால் அது மூன்றாம் வகை, கடிபட்டதற்குச் சமம். தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

நாராயணன் மாமா: ஆற்காடு பக்கம் ஒருவர் பச்சிலை தருகிறார். மூன்று நாள் பத்தியம். எங்கள் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசிக்குப் பயந்து அங்கேதான் போவோம்.

செல்வி: மாமா, அந்த ஊசியை நிறுத்தி 20 வருடம் ஆகிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து அது. இப்போது இரண்டு கையிலும் தோலுக்குள் சின்ன ஊசி. முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. கடிக்கிற நாய்கள் எல்லாவற்றுக்கும் வெறிநோய் இருப்பதில்லை. பச்சிலை சாப்பிட்டவர்கள் பிழைத்தது அதனால்தான். நோய் கண்ட ஒருவரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். தாகம் எடுக்கும், டம்ளரைப் பார்த்ததும் தொண்டை இழுத்துக்கொள்ளும். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போடும். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அறிகுறி வந்த பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் காப்பாற்ற முடிவதில்லை மாமா. கையெடுத்துக் கும்பிடுகிறேன், பச்சிலை என்று இங்கே யாரும் சொல்லாதீர்கள்.

நாராயணன் மாமா: சரிம்மா. கார்த்தி, என் ஆட்டோவில் போங்கள். வாசலில் நிற்கிறேன்.

கௌசி: என் பையனுக்கு ஒன்றரை வயது. நேற்று வரைக்கும் அந்தப் பால்தான் கொடுத்தேன். எனக்குக் கை கால் ஓடவில்லை.

டாக்டர் ஐயா: காய்ச்சித்தானே கொடுத்தாய் அம்மா? பயமே வேண்டாம். இந்தக் கிருமி கொதிக்கிற சூட்டில் நிற்காது. காய்ச்சி உறை ஊற்றிய தயிரும் அப்படியே. பச்சைப் பாலாக யாராவது குடித்தீர்களா?

சாந்தி அக்கா: எங்கள் மாமனார் பச்சைப் பாலில் முட்டை அடித்துக் குடிப்பார்.

டாக்டர் ஐயா: அபாயம் மிகவும் குறைவு. இருந்தாலும் அவரையும் கூட்டிப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். கார்த்தி, இனி கறக்க வேண்டாம். கன்றைத் தனியாகக் கட்டு.

மதியம் 2.40

கார்த்தி: சிவப்பி போய்விட்டது.

ரஹீம் பாய்: மனசு கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. தோலுக்கு ஆள் வந்து நிற்பான். பேரணாம்பட்டில் எனக்குத் தெரிந்த மண்டி எல்லாம் இருக்கிறது, நானே சொல்கிறேன், கொடுக்காதே. உரிக்கிறவன் கைதான் முதலில் அறுபடும்.

டாக்டர் ஐயா: பாய் சொல்வது ரொம்பச் சரி. கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுத்ததும், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

பாபு (கடைசி வீடு): எல்லாவற்றுக்கும் இந்தத் தெரு நாய்கள்தான் காரணம். வண்டி பிடித்து மொத்தத்தையும் அமிர்தி காட்டில் விட்டுவிடலாம்.

பினாங்கு பெரியப்பா: பாபு, இங்கே நடந்ததைக் கேள். மலேசியாவில் இந்த நோய் இல்லை என்று 2013இல் அறிவித்தார்கள். 2015இல் வடக்கு எல்லையோர மாநிலங்களில் நாய்களிடம் திரும்ப வந்தது, பினாங்குக்கும் வந்தது. தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு போட்டார்கள், பெரிய தகராறு ஆயிற்று. 2017இல் கடல் தாண்டி சரவாக்கில் வந்தது, குழந்தைகள் செத்தார்கள். ஒழிந்தது என்று சொன்ன இடத்திலேயே இப்படி.

டாக்டர் ஐயா: நம் ஊரில் அது ஒழியவே இல்லை. தமிழ்நாட்டில் 2024இல் மட்டும் 4,80,000க்கும் மேல் நாய்க்கடிகள் பதிவாகியிருக்கின்றன. பாபு, நாயைக் கொண்டுபோய் அமிர்தியில் விட்டால், நோயும் கூடவே அங்குள்ள மலை கிராமத்துக்குப் போகும். இங்கே காலியான இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வரும். 100 நாயில் 70க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழி இல்லாமல் நின்றுவிடும். ராணிப்பேட்டையில் 1932லிருந்து கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் நடக்கிறது, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாம். மாட்டையும் நாய் கடித்த அன்றே கொண்டுவந்திருந்தால் அதற்கும் ஊசித் தொடர் உண்டு. மூக்குக் காயம் மூளைக்கு ரொம்பக் கிட்டே.

லட்சுமி (எதிர் வீடு): ஐயா, அந்த நாய் செவலையா? வாலில் முடி உதிர்ந்த நாயா?

கார்த்தி: ஆமாம் அக்கா. ஏன்?

லட்சுமி: என் பையனை ஆடியில் அந்த நாய்தான் காலில் பிராண்டியது. திட்டுவேன் என்று மறைத்துவிட்டான். இப்போது நீங்கள் பேசுவதைப் படித்துச் சொல்கிறான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஐயோ, இனி ஊசி போட்டுப் பயன் இருக்கிறதா?

செல்வி: இருக்கிறது லட்சுமி, கட்டாயம் இருக்கிறது! அழாதே. கிருமி நரம்பு வழியாக மெல்லத்தான் மூளைக்குப் போகும். பெரும்பாலும் 1 மாதத்திலிருந்து 3 மாதம் வரை ஆகும். அறிகுறி வராத வரை எத்தனை நாள் ஆகியிருந்தாலும் ஊசி உண்டு. பையனைத் திட்டாதே. இன்றைக்கே கிளம்பு, நான் வாசலுக்கு வருகிறேன்.

இரவு 8.05

செல்வி: லட்சுமி பையனுக்கும் கார்த்தி நைனாவுக்கும் ஊசி, இம்யூனோகுளோபுலின் இரண்டும் போட்டாயிற்று. சாந்தி அக்கா மாமனாருக்கும் ஊசி போட்டார்கள். அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.

நாராயணன் மாமா: காலை 8 மணிக்கு ஆட்டோ ரெடி. 28ஆம் நாள் வரைக்கும் என் பொறுப்பு.

சாந்தி அக்கா: வேறு எந்த வீட்டிலாவது அந்த நாய் கடித்தது, பிராண்டியது, புண்ணில் நக்கியது என்று இருந்தால் இப்போதே சொல்லுங்கள். குழந்தைகளிடம் மிரட்டாமல் கேளுங்கள்.

பாபு: மாநகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். நாய்களுக்கு ஊசி போடவும், கருத்தடை செய்யவும் ஆள் அனுப்பச் சொல்லி. நாளை ஒவ்வொரு வீடாக வருகிறேன், கையெழுத்துப் போடுங்கள்.

கௌசி: நம் தெரு நாய்களுக்கு நான்தான் சோறு வைக்கிறேன், என்னிடம் வரும். ஊசி போட வரும்போது பிடித்துத் தருகிறேன்.

டாக்டர் ஐயா: அதற்கு முன்பு நீயும் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள் அம்மா.