யோசனையை நிறுவனத்திடம் கொண்டுபோனவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

பீளமேடு பட்டறைக்காரர்
கிணற்றுக் குழாயை முழுதும் மேலே இழுக்காமலே அதன் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு அடைப்பை எடுக்க ஓர் அமைப்பு செய்திருந்தேன். பம்ப் நிறுவனம் ஒன்று கூப்பிட்டது. மேலாளர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரைபடத்தை உதவியாளரிடம் நீட்டி, "ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாப்பா" என்றார். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை. அடுத்த ஆண்டு கொடிசியா கண்காட்சியில், அவர்கள் அரங்கில், பச்சை வண்ணம் பூசி அது நிற்கிறது. விளிம்பில் ஒரு சிறு துளை. பெயின்ட் காயத் தொங்கவிடுவதற்காக என் மாதிரியில் நான் போட்ட துளை அது. வால்வுக்கு அதனால் எந்தப் பயனும் கிடையாது. அதையும் சேர்த்தே வார்த்திருக்கிறார்கள்!

ஓசூர் வாசகி
அண்ணா, படிக்கவே வயிறு எரிகிறது. என்னிடம் ஓர் அதிகாரி, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பார்த்ததும் "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று பேனாவை மூடிவைத்தார். மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்துடன், காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கிண்டியில் அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் செய்யலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். அந்த இடைவெளியில் நிறுவனங்களைப் பாருங்கள். என்ன செய்யும், எவ்வளவு மிச்சமாகும் என்று மட்டும் பேசுங்கள். எப்படிச் செய்கிறது என்பது கையெழுத்துக்குப் பிறகு. கண்காட்சியில் வைத்துவிட்டு விண்ணப்பித்தால், புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடக்கூடும்.

வடபழனி எழுத்தாளர்
சகோதரி சொல்வது வால்வுக்குச் சரி. சிறுவர் வினாடி வினா நிகழ்ச்சிக்கு யார் காப்புரிமை கொடுப்பார்கள்? வியாபார முறைக்குக்கூடக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது. பதிப்புரிமையும் எழுதிய வடிவத்துக்குத்தான், கருவுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. நான் போன தொலைக்காட்சியில், முதல் பக்கம் முடியும் முன்பே "இது எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதே" என்றார் அந்த அம்மையார். சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்தை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்!

எங்களுக்கு உள்ள ஒரே பிடிமானம், நம்பிச் சொன்னதை மீறியதற்கான வழக்கு. ரகசியமாகச் சொன்ன தொடர்க் கருவுக்காகப் பிறப்பித்த தடையை 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பின் அன்றே, என்ன பேசினோம் என்று மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

ராணிப்பேட்டை
பட்டறை அண்ணன் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது, அந்த நிறுவனம் தன் பெயரில் விண்ணப்பித்திருக்கிறதா என்பதை. 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பங்கள் வெளியாகும். உரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். கண்டுபிடிப்பை உரியவரிடமிருந்து முறைகேடாகப் பெற்றது என்பதே அதற்கு ஒரு காரணம்.

என் தோல் பதனிடும் முறையை விற்றேவிட்டேன். பேசி முடித்தது விற்பனைத் தொகையில் பங்கு. கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது தாளில் 'நிகர லாபத்தில்', அதாவது செலவெல்லாம் கழித்த மிச்சத்தில், என்று இருந்தது. கணக்கர் தலை நிமிரவில்லை. அடித்துத் திருத்தி, இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்ட பிறகே போட்டேன். கணக்குப் புத்தகத்தை ஆண்டுக்கொருமுறை பார்க்கும் உரிமையையும் எழுதச் சொன்னேன். அதற்கு மட்டும் இன்னும் இழுத்தடிக்கிறார்கள்.