10:25-இல் நிற்கும் கடிகாரம்

நான் (காலை 9:40)
நாளை வகுப்பில் அரசியல் வன்முறை பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும். "இத்தாலியின் போலோக்னா ரயில் நிலையக் கடிகாரம் 1980 ஆகஸ்ட் 2 முதல் இன்றுவரை 10:25-இலேயே நிற்கிறது" என்று தொடங்கியிருக்கிறேன். அன்று அங்கே குண்டு வெடித்த நேரம் அது. அடுத்த வரியில், பயங்கரவாதம் என்றால் என்ன என்று சொல்ல முடியாமல் ஒரு மணி நேரமாகத் திணறுகிறேன். பெரியப்பா, உங்களிடம் ஒரு வரையறை இருக்கிறதா?

பெரியப்பா (9:52)
ஐக்கிய நாடுகள் சபையிடமே இல்லாததை என்னிடம் கேட்கிறாயே, அம்மா! யூகோஸ்லாவிய மன்னர் அலெக்சாந்தர் 1934-இல் பிரான்சின் மார்செய் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் 1937-இல் பயங்கரவாதத்தை வரையறுத்து ஓர் உடன்படிக்கையை எழுதியது. பல நாடுகள் கையெழுத்திட்டும், அதை முறைப்படி ஏற்றது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தியா மட்டும்தான். ஆகவே அது நடைமுறைக்கே வரவில்லை. ஐ.நா. 1996-இல் அமைத்த குழுவும், விடுதலைப் போராட்டத்தையும் அரசுப் படைகளின் செயல்களையும் எங்கே வைப்பது என்ற இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் (9:55)
அரசுக்கு எதிராக ஆயுதம் எடுப்பவன் பயங்கரவாதி என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே.

பெரியப்பா (10:03)
முடிக்க முடியாது, தம்பி. அந்தச் சொல்லே அரசைத் திட்டப் பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-94-இல், புரட்சி அரசை நடத்திய ரோபெஸ்பியரும் அவருடைய கூட்டாளிகளும் ஏறத்தாழ 17,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றிய அந்த ஆட்சிக்குத்தான் 'டெரர்', அதாவது பயங்கரம், என்று பெயர். அவர் வீழ்ந்தபின் அந்த ஆட்சியாளர்களைத்தான் முதலில் 'டெரரிஸ்ட்' என்று ஏசினார்கள்.

சித்தி (10:11)
ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதை விட, அது யார்மேல் பாய்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மாஸ்கோவில் 1905-இல் காலியாயேவ் என்ற புரட்சியாளர், ரஷ்யப் பேரரசரான ஜாரின் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கோமகன் செர்கேயின் வண்டியை நோக்கிக் குண்டுடன் ஓடியவர், உள்ளே அவருடைய மனைவியும் அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் ஓங்கிய கையைத் தாழ்த்தித் திரும்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, செர்கே தனியாக வந்தபோது வீசிக் கொன்றார்.

அண்ணன் (10:13)
அதற்காக அவரை உத்தமர் என்று சொல்லிவிடுவதா, சித்தி?

சித்தி (10:15)
கொலை கொலைதான். இவரைத் தாக்கலாம், இவரைத் தொடக்கூடாது என்ற கோடு அவர் மனத்தில் இருந்தது என்று மட்டுமே சொன்னேன்.

பெரியப்பா (10:24)
அந்தக் கோடு ஏட்டில் இருந்த அளவுக்குத் தெருவில் இருக்கவில்லை. 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர்மேல் வீசிய முதல் குண்டு அவரை விட்டுவிட்டு, வழியில் நின்ற ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. காயமடைந்தவர்களைப் பார்க்க ஜார் வண்டியிலிருந்து இறங்கியதால்தான் இரண்டாவது குண்டுக்கு இரையானார். அந்தக் கோடே வேண்டாமென்று அழித்தவர் பாரிசின் எமில் ஆன்ரி. 1894-இல் கூட்டம் போதவில்லை என்று ஒன்றிரண்டு உணவகங்களைத் தாண்டிப் போய், தெர்மினுஸ் என்ற காபிக்கடையில் இசை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவே குண்டை எறிந்தார். வசதியான வர்க்கத்தில் அப்பாவி என்று யாருமில்லை என்பதே நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதம்.

நான் (10:31)
போலோக்னாவும் அந்த வழியில்தான் வருகிறது. விடுமுறைக் கூட்டம் நிறைந்த சனிக்கிழமை காலையில், காத்திருப்போர் அறையில் ஒரு பெட்டிக்குள் குண்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இறந்த 85 பேரில் ஒருவரைக்கூடப் பெயர் தெரிந்து குறிவைக்கவில்லை. தண்டிக்கப்பட்டவர்கள் தீவிர வலதுசாரிகளான நவபாசிசக் குழுவினர். ஆன்ரியோ அரசே கூடாது என்ற அராஜகவாதி. கொள்கை நேரெதிர், கணக்கு மட்டும் ஒன்று.

பெரியப்பா (10:38)
இதையே இரண்டாவது வரியாக எழுது, வரையறையை விட்டுவிடு. ஆனால் முதல் வரி தவறு. அந்தக் கடிகாரத்தைக் குண்டுவெடிப்புக்குப் பின் விரைவிலேயே பழுது பார்த்துவிட்டார்கள். அது 1996 வரை ஓடியது. அப்போது பழுதானதும், இனி 10:25-இலேயே நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

அண்ணன் (10:40)
அன்றிலிருந்தே நிற்கிறது என்றல்லவா எல்லோரும் சொல்கிறார்கள்?

பெரியப்பா (10:42)
அவ்வூர்க்காரர்களே அப்படித்தான் நம்புகிறார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, அது ஓடிய ஆண்டுகளில் அதன் கீழே நடந்து போனவர்களில் பெரும்பாலானோர், அது ஒருபோதும் ஓடவில்லை என்றே சொன்னார்கள்.

நான் (10:47)
முதல் வரியை மாற்றிவிட்டேன்: "16 ஆண்டுகள் ஓடிய ஒரு கடிகாரத்தை, ஓடவே இல்லை என்று ஓர் ஊர் நினைவில் வைத்திருக்கிறது."