லிங்க்ட் லிஸ்ட்ட ஃப்ரீ பண்ணேக்க புரோகிராம் விழுது, ஏன்?

கேள்வி (திருகோணமலை):
கொட்பே துறைமுகத்துக்கு வாற படகுகள பதியிறதுக்கு சி மொழியில ஒரு புரோகிராம் எழுதுறன், ஒவ்வொரு படகுக்கும் மல்லாக் பண்ணி (மெமரி எடுத்து) லிங்க்ட் லிஸ்ட்டில, அதாவது ஒண்டோட ஒண்டு தொடுத்த பட்டியலில, கோக்கிறன், எல்லாம் வடிவா ஓடுது, கடைசியில ஃபார் லூப்புக்க ஃப்ரீ பண்ணேக்க (எடுத்த மெமரிய திருப்பி விடேக்க) மட்டும் சிலநேரம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரிய தொட்டு விழுறது), சிலநேரம் ஒண்டுமில்ல. ஆராவது சொல்லுங்கோ அண்ணாமார்.

பதில்:
தம்பி, நோட்ட (லிஸ்ட்டில ஒரு படகின்ர பதிவ) ஃப்ரீ பண்ணிட்டு பிறகு அதுக்குள்ள இருக்கிற, அடுத்த நோட்ட காட்டுற நெக்ஸ்ட் பாயிண்டர வாசிக்கிறீங்களோ? அப்பிடியெண்டா அதான் பிழை. விட்ட மெமரி உங்கட இல்ல, பழைய பெறுமதி அப்பிடியே கிடந்தா ஓடும், ஜிலிப்சி (மல்லாக், ஃப்ரீ எல்லாம் இருக்கிற சி லைப்ரரி) அந்த இடத்தில தன்ர கணக்க எழுதிட்டா குப்பை அட்ரஸுக்கு போய் விழும். முதல்ல நெக்ஸ்ட்ட வேற பாயிண்டரில எடுத்து வையுங்கோ, பிறகு ஃப்ரீ.

பதில்:
மேல சொன்னது சரி. ஆனா கண்ணால தேடி மினக்கெடாதீங்கோ, ஜிசிசி கம்பைலர் 4.8, அதாவது 2013 தொடக்கம் அட்ரஸ் சானிட்டைசர் எண்டு மெமரிப் பிழை பிடிக்கிற வசதி இருக்கு, அத போட்டு டீபக் தகவலோட கம்பைல் பண்ணினா எந்த வரியில விட்டது எந்த வரியில திரும்ப தொட்டது எண்டு ரெண்டையும் காட்டும். எனக்கு வால்கிரைண்ட் எண்ட மற்ற மெமரி சோதிக்கிற கருவிய விட இதுதான் விருப்பம், வேகம் கூட.

கேட்டவர்:
ஓம் அண்ணா, லூப் வரியத்தான் காட்டுது, மாத்தினாப் பிறகு விழேல்ல. எல்லாம் ஃப்ரீ பண்ணினாப் பிறகு ஹெட்ட (லிஸ்ட்டின்ர முதல் நோட்ட காட்டுற பாயிண்டர) நல் (NULL, ஒண்டையும் காட்டாத பெறுமதி) ஆக்கோணுமோ?

பதில்:
கட்டாயம் ஆக்குங்கோ. இல்லாட்டி வேற ஃபங்ஷன் அதையே திரும்ப ஃப்ரீ பண்ணினா டபுள் ஃப்ரீ, ஒரே மெமரிய ரெண்டு தரம் விடுற பிழை. நல் (NULL) பாயிண்டர ஃப்ரீ பண்ணினா ஒண்டும் நடக்காது, சி ஸ்டாண்டர்டே அப்பிடித்தான்.