புதுப்பிப்பு: பாமினி ஃபான்டில் அடித்த புத்தகம் கிண்டிலில் ஏறிவிட்டது

கோபிசெட்டிபாளையத்தில் டிடிபி (கணினியில் அச்சுக்கோப்பு) போட்டு வாங்கிய என் மஞ்சள் சாகுபடிப் புத்தகத்தை அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் ஏற்றினால் தமிழே வராமல் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பலித்தது பொள்ளாச்சி அண்ணன் சொன்ன வழிதான். பாமினியில் இருந்ததை என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கு மாற்றி, வேர்டில் ஒட்டி, அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து ஏற்றினேன், எழுத்து சுத்தமாக வந்துவிட்டது. வேறு ஃபான்ட் (எழுத்துரு) மாற்றிப் பார்க்கும் யோசனை இதற்கு உதவாது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், உருவம் மட்டும்தான் தமிழ்.

எதிர்பாராதது ஒன்று. ஆங்கிலத்தில் இருந்த பூச்சிமருந்துப் பெயர்கள், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் கன்வெர்ட்டர் பாமினி என்றே எடுத்துக்கொண்டு வாயில் நுழையாத தமிழாக்கி வைத்துவிட்டது! ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியதில்தான் நேரம் போனது. மாற்றும் முன்பே அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண். கிண்டில் மின்னூலுக்கு அது கட்டாயமில்லை. அச்சுப் புத்தகத்துக்கு வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம், எண்ணுக்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். அச்சுக்கு ஈரோட்டில் விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆகஸ்ட் புத்தகத் திருவிழாவுக்குள் கைக்கு வந்தால் சரி.