கல்லூரி வாசலுக்கு முன் நிற்கும் சான்றிதழ்கள்: நேரில் கண்டவை

உசிலம்பட்டி வட்டார ஆசிரியர்:

அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் பிள்ளைகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எங்களில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த ஒரு மாணவி, நல்ல கட்டாஃப் வைத்திருந்தும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வர முடியவில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பெற்றோர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தபோது, இவள் ஆறாம் வகுப்பை அங்கே அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் படித்துவிட்டாள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றிருக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிற குடும்பத்துப் பிள்ளைகள்தாம் இந்த விதியில் அடிபடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மிச்சமிருந்தது, 2010இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேருபவருக்கு இது ஆண்டுக்கு 25,000 ரூபாயைக் கல்விக் கட்டணத்தில் குறைக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். அவளுடைய அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவன். அவனுடைய மாற்றுச் சான்றிதழைப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்தார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான கேன் எண் (விண்ணப்பதாரரின் பதிவு எண்), அப்பாவின் கைப்பேசியோடு இணைந்திருந்தது. அவரோ இடுக்கியில் ஏலத் தோட்ட வேலையில் இருந்தார். “அவுக மலைக்குள்ள இருக்கப்ப டவரே கிடைக்காது சார், ராத்திரிதான் பேசுவாக” என்றார் அம்மா. இரவில் மையம் திறந்திருக்காது. ஆகவே என் வீட்டு மடிக்கணினியில் உட்கார்ந்தோம். அப்பா ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, லைன் அறுந்து அறுந்து வர, நேரம் முடிந்துபோய் மறுபடியும் கேட்க வேண்டியதாயிற்று. ஒருவழியாக விண்ணப்பம் போய், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் கையெல்லாம் கடந்து, கலந்தாய்வுக்கு முன்பே சான்றிதழ் வந்துவிட்டது. இடம் தரச் சட்டம் இருக்கிறது, பணம் தர அரசாணை இருக்கிறது; விண்ணப்பத்தை அனுப்பும்போது பக்கத்தில் உட்கார ஓர் ஆளை மட்டும் யாரும் நியமிக்கவில்லை.

மேலூர்ப் பக்கத்து உறுப்பினர்:

ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இப்போது மதுரையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்கிற்கே வருகிறது. வரவில்லை என்று கவுண்டருக்கு வரும் பிள்ளைகளின் பாஸ்புக்கைப் புரட்டினால், பள்ளியில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு முடங்கிக் கிடக்கும், அல்லது ஆதார் வேறொரு வங்கியோடு இணைந்திருக்கும். தேர்வுக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருப்பவர்கள் பலர். பேருந்துச் செலவும் அதில்தான். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டுமே. முதல் வகுப்புக்கு நேரத்தோடு சேர்க்கிற வண்டி புறநகர்ப் பேருந்தாக இருந்துவிட்டால் தினமும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

ஐயா, அந்தப் பெண் ஆறாம் வகுப்பைத் தமிழ் வழியில் படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அதை விரிவாக்கியிருக்கிறார்கள்.

உசிலம்பட்டி வட்டார ஆசிரியர்:

தமிழ் வழிதான் அம்மா. இன்றே அவள் வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன்.