300 பிடிபி கோப்புகளை மொத்தமாகத் திருத்த வேண்டும், வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கையில் 300 புரதக் கட்டமைப்புக் கோப்புகள், எல்லாம் பிடிபி (PDB) வடிவம், அதாவது ஓர் அணுவுக்கு ஒரு வரி என எழுதிய உரைக் கோப்பு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கணும், பி என்ற சங்கிலியை ஏ என்று மாற்றணும், செலினோமெத்தியோனைனை (கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள அமினோ அமிலம்) சாதாரண மெத்தியோனைன் ஆக்கணும்.

முதலில் ஆக் (awk) என்ற உரை அலசும் கருவியை வைத்து இடைவெளியால் பிரித்துப் பார்த்தேன். பத்துக் கோப்பு ஓடியது, பதினொன்றாவதில் கவிழ்ந்தது. எச்ச எண் (சங்கிலியில் அமினோ அமிலத்தின் எண்) 1000-ஐத் தொட்டதும் சங்கிலி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இது வரியில் எத்தனையாவது எழுத்து என்று இடம் பார்த்து எழுதப்படும் வடிவம் என்பது அப்போதுதான் உறைத்தது: சங்கிலி 22-ஆம் இடம், எச்ச எண் 23 முதல் 26. பைத்தானில் இடம் எண்ணி வெட்டியதும் முதல் இரண்டு வேலையும் முடிந்தது.

மாட்டிக்கொண்டது மூன்றாவதில். வரித் தொடக்கத்தில் உள்ள ஹெட்ஆட்டம் (HETATM) என்பதை ஆட்டம் (ATOM) ஆக்கி, பின்னால் இரண்டு வெற்றிடம் விட்டேன். எஸ்இ (SE, செலினியம்) அணுவை எஸ்டி (SD, கந்தகம்) என்றும் மாற்றினேன். எஸ்இ 13-ஆம் இடத்தில் தொடங்கும், எஸ்டி 14-இல். அதைச் சரிசெய்தும் படம் காட்டும் மென்பொருளில் அந்த அணு தனியாகத் தொங்குகிறது. 77, 78-ஆம் இடத்துத் தனிமக் குறியையும் மாற்றணுமா? வேறு ஏதாவது விட்டேனா?

இன்னொன்று: 17-ஆம் இடத்தில் ஏ, பி என இரு நிலைகள் உள்ள அணுக்களில் ஆக்குபன்சி (அணு அந்த நிலையில் இருக்கும் பங்கு) அதிகமானதை மட்டும் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டா? கண்ணை மூடிக்கொண்டு ஏ-யை எடுக்க மனசு வரவில்லை.

பயோபைத்தான் என்ற பைத்தான் நூலகத்தில் சேமித்தால் ரிமார்க் (குறிப்பு) வரிகள் காணாமல் போகின்றன, எனக்கு அவை வேண்டும். யாராவது ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் பகிருங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.