குமரி முன்னேறிய மாவட்டம்தானா? ஆய்வுக்கு எதை அலகா எடுக்கிறது?

தக்கலை_மாணவி:
முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘குமரி மாவட்டத்துக்குள் வளர்ச்சி ஏற்றத்தாழ்வு’ என்று ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கொடுத்தேன். கைடு ஒத்துக்கொள்ளவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். மக்களில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள். “இங்கே என்ன ஏற்றத்தாழ்வு இருக்கு? ராமநாதபுரத்தையும் கோவையையும் ஒப்பிட்டு எழுது” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மா வீடு கடற்கரையில் குளச்சல் பக்கம், அப்பா வீடு மலையோரத்தில் குலசேகரம் பக்கம். இரண்டு இடத்து வாழ்க்கையும் ஒரே சராசரிக்குள் அடங்கும் என்று எப்படி எழுதுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சிலான்:
தங்கச்சி, கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. மொத்த உற்பத்தி, தலா வருமானம் எல்லாம் மாவட்ட அளவில்தான் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் கதைதான் மிஞ்சும். நம்ம ஊருக்கான கேள்வியே வேறு: இவ்வளவு படித்த மாவட்டத்தில் ஏன் வேலை இல்லை? 1979 வரை இந்த மாவட்டத்துக்குள் ரயிலே கிடையாது. அந்த வருஷம்தான் திருவனந்தபுரத்திலிருந்து பாதை வந்தது. திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். அதற்குள் கோவையில் பஞ்சாலையும் பம்ப்செட்டும் வேரூன்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பொருளாதார அறிஞர் குன்னர் மிர்தால் 1957-ல் எழுதியது இதைத்தான். முந்திக்கொண்ட ஊர் ஆளையும் முதலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், பிந்திய ஊர் மேலும் பிந்தும். நம்ம பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போவது அந்த இழுப்பில்தான். மாவட்டத்தோடு மாவட்டத்தை வைத்துப் பார்த்தால்தான் இது தெரியும்.

கடப்புறத்தான்:
அண்ணாச்சி, முதல்ல அந்த 82 சதவீதத்தைப் பிரிச்சுப் பாருங்க. 50-க்கு மேல பேரூராட்சி இருக்கிற மாவட்டம் இது. திருவிதாங்கூர் காலத்துல இருந்தே நம்ம ஊர்ல வீடுக ஒரே இடத்துல கூடி நிக்காது. அவனவன் விளைக்குள்ள, அதாவது தோட்டத்துக்குள்ள, அவனவன் வீடு, ஊருக்கும் ஊருக்கும் நடுவுல இடைவெளியே கிடையாது. அடர்த்தி கூடினதால நகரம்னு எழுதிட்டாங்க. மரச்சீனிக் கிழங்கும் தென்னையும் நிக்குற நகரம் அது.

எங்க கடப்புறம் அப்படி இல்ல. நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர், சுவரோட சுவர் ஒட்டின வீடுக. மேற்குக் கரையில சில ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய். மகனுக்குக் கல்யாணம் ஆனா கூட ஒரு அறை கெட்ட இடம் இல்ல. இதையும் விளை வீட்டையும் கூட்டி வகுத்தா வாற நம்பர் யாருடைய வாழ்க்கை?

இன்னொண்ணு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடல்ல சுறா பிடிக்கிறவங்க. பெரும்பாலும் படகு கெட்டுறது கொச்சி தோப்பும்படியில. டீசலும் ஐஸும் அங்க, ஏலமும் அங்க. அந்த மீன் கேரளாக் கணக்குல ஏறும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கிப் புயல் அடிச்சப்ப செத்தவங்க கணக்கு மட்டும் எங்க ஊருக்கு வந்துது. மாவட்ட உற்பத்தின்னு நீங்க சொல்ற நம்பர்ல எங்க உழைப்பு எங்க இருக்கு?

மலையோரம்:
மேல எங்களுக்கும் அதே கதைதான். ரப்பர் 2011-ல கிலோ 200 ரூபாயைத் தாண்டிச்சு, 2016 தொடக்கத்துல 100-க்கும் கீழ போயிட்டு. அந்த ரெண்டு விலையையும் குலசேகரத்துல யாரும் தீர்மானிக்கல. பால் வெட்டுறவங்க விடியுமுன்னாடி தலையில லைட்டைக் கெட்டிக்கிட்டு மரம் மரமா போறாங்க. மழை பெய்ஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லைன்னா கூலி இல்ல. நமக்கு ரெண்டு பருவ மழையும் உண்டு, நினைச்சுப் பாருங்க.

பேச்சிப்பாறை அணை 1906-ல கெட்டி முடிஞ்சுது. தண்ணி பாயுறது கீழ நாஞ்சில் நாட்டு ஏலாக்களுக்கு, அதான் வயலுகளுக்கு. அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சில காணிக்காரர் (பழங்குடிக்காரங்க) குடியிருப்புக்கு இன்னும் தோணியிலதான் போகணும். ஒரே அணை, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. தங்கச்சி எழுத வேண்டியது இதைத்தான்.

நாஞ்சிலான்:
வலி புரிகிறது. ஆனால் இது எந்த மாவட்டத்தில் இல்லை? கோவைக்குள் வால்பாறை இல்லையா? அலகு சிறுத்தால் ஏற்றத்தாழ்வு கூடித்தான் தெரியும், அது கணக்கின் இயல்பு. உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் வீடு வீடாகப் போய் நிற்க வேண்டியதுதான். உள்ளேதான் பார்ப்பேன் என்றால் தாலுகாவை எடு தங்கச்சி, அதற்காவது புள்ளிவிவரம் இருக்கிறது.

ஓய்வு_ஆசிரியர்:
தம்பி, தாலுகாதான் இருப்பதிலேயே மோசமான அலகு. 2011-ல் இங்கே நான்கே தாலுகாக்கள். கல்குளம் பேச்சிப்பாறை மலையில் தொடங்கிக் குளச்சல் கடலில் முடிந்தது. அப்பாவின் மலையும் அம்மாவின் கடலும் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும், அந்தப் பெண் கேட்கும் கேள்வியே காணாமல் போகும். திருவட்டாறும் கிள்ளியூரும் பிற்பாடு பிரிந்த தாலுகாக்கள். நம் மாவட்டத்தில் வேறுபாடு கிழக்கு மேற்காக ஓடவில்லை, மலை, வயல், கடல் என்று பட்டை பட்டையாகக் கிடக்கிறது. எல்லைக்கோடோ அதைக் குறுக்கே வெட்டுகிறது.

மிர்தாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவையில் தொழில் வளர்ந்தது, அதன் பின்னால் கல்வி வந்தது என்று சொல்லலாம். இங்கே அப்படி நடக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபையின் பள்ளிகள் வந்துவிட்டன. மாரை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் போராடி 1859-ல் திருவிதாங்கூர் மன்னரிடமிருந்து ஆணை பெற்ற மண் இது. பள்ளிக்கூடம் இங்கே கூலியை உயர்த்தும் வழியாக வரவில்லை, தலை நிமிரும் வழியாக வந்தது. அதனால்தான் ஆலை இல்லாமலேயே எழுத்தறிவு ஏறியது. கோவையோடு ஒப்பிட்டால் நீங்கள் காண்பது ஆலை இல்லாத குறையை மட்டும்தான். 91.75 எப்படி வந்தது என்பதற்கு அந்த ஒப்பீட்டில் பதில் கிடையாது.

நாஞ்சிலான்:
சார், தாலுகா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் தொழில் இல்லை என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தலை நிமிர்ந்த பிள்ளை வேலைக்கு எங்கே போவான்? நம்ம கடற்கரையில் இனயத்தில் துறைமுகம் வேண்டாம் என்றோம். எல்லைக்கு அப்பால் கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் திறந்தாயிற்று. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பெரூ சொன்ன வளர்ச்சி முனை, அதாவது சுற்றுவட்டாரத்தையே வளர்க்கும் தொழில் மையம், நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் வேறு மாநிலத்தில் இருக்கிறது. இதைப் பேசாமல் மலை, கடல் என்று உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறையும் ரயில் ஏறத்தான் போகிறது.

கடப்புறத்தான்:
அந்த விழிஞ்ஞத்துக்குக் கல் எங்க இருந்து போச்சு அண்ணாச்சி? நம்ம மலையை உடைச்சு டிப்பர் டிப்பரா களியக்காவிளை வழியா போறதை மார்த்தாண்டம் ரோட்டுல நிக்கிற யாரும் பார்க்கலாம். கல்லு போவுது, ரோடு பெயருது, தூசி நமக்கு. கப்பல் வருமானம் அங்க. நீங்க சொன்ன மிர்தாலை இந்த டிப்பர்ல வச்சுப் பாருங்க. இழுக்கிறதுக்கு மாநில எல்லை தடையா இல்ல, பலன் திரும்பப் பரவுறதுக்கு மட்டும் தடையா நிக்குது. இனயத்துல வேண்டாம்னு சொன்னது வளர்ச்சி வேண்டாம்னு இல்ல. வீடும் கரையும் போனபிறகு வாற வேலை யாருக்குன்னு கேட்டோம். அதுக்கு யாரும் எழுத்துல பதில் தரல.

தக்கலை_மாணவி:
எல்லாருக்கும் நன்றி. மூன்று பட்டையாகப் பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் குடிநீர், கழிப்பறை, வீட்டின் தரம் எல்லாம் பேரூராட்சிகளுக்கு வார்டு வரை இருக்கிறது. கடற்கரை ஊர்களுக்கு, கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் ஊர் ஊராக எடுத்த மீனவர் கணக்கெடுப்பு உண்டு. கதை மட்டும்தான் மிஞ்சும் என்று அண்ணன் பயப்பட வேண்டாம். கல், மீன், ரப்பர் மூன்றும் எந்த வழியாக மாவட்டத்தை விட்டு வெளியே போகின்றன என்று தனி அத்தியாயம் எழுதப் போகிறேன்.

நாஞ்சிலான்:
நல்லது. வெளியே போவதோடு உள்ளே வருவதையும் எழுது. வளைகுடாப் பணம் எந்தப் பட்டையில் இறங்குகிறது, எதில் போய் முடங்குகிறது என்று பார். ஏலாவை மண்ணடித்துப் பிளாட் போடுவதில்தான் பெரும்பகுதி போகிறது என்பது என் எண்ணம், தப்பாக இருந்தால் காட்டு. மாவட்ட ஒப்பீடு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஒரு அத்தியாயமாவது கோவைக்குக் கொடு.

மலையோரம்:
கோவைக்குக் கொடுக்கிற அத்தியாயத்துல வால்பாறையையும் சேர்த்துக்க தங்கச்சி. காணிக் குடியிருப்புக்குப் போகணும்னா சொல்லு. தோணிக்காரங்க எங்களுக்குத் தெரிஞ்சவங்கதான், மழை விட்ட பிறகு வா.